வேட்டியில் இறங்கிய ஆத்தா

"அம்மணி, ஆத்தா வந்துட்டாளுங்க!"

பழனிச்சாமி அண்ணன் இதைச் சொன்னபோது அவர் தோளில் ஒரு மூட்டை இருந்தது. மூட்டைக்குள் வெடிமருந்து. இடுப்பில் பளபளவென்று ஒரு மஞ்சள் வேட்டி, கழுத்தில் அதே பளபளப்பில் ஒரு மஞ்சள் துண்டு. முகத்தில் சிரிப்பு தாங்கவில்லை.

ஆடி மாதம். காலையிலேயே காற்று சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்கல் தூசி பல்லில் நறநறத்தது. நான் ஹெல்மெட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணா வந்தா?" என்றேன். கோயிலில் யாருக்கோ அருள் வந்திருக்கும், அந்தக் கதையைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்ற வேட்டியிலதானுங்க! வெடியக்காலம் தண்ணி வாக்கறதுக்கு வேட்டிய அவுக்கறேன், படபடன்னு பொறி பறக்குது. நீலமா! ஊட்டுக்காரி பாத்துப்போட்டு அங்கயே உழுந்து கும்பிட்டுட்டா. மறுக்காக் கட்டறப்பவும் சடசடங்குது. காப்புக் கட்டி முழுசா ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள ஆத்தா எறங்கிட்டாளுங்க அம்மணி!"

அவர் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி, கேப்பு வைத்திருக்கும் மரப்பெட்டி இருந்தது. கேப்பு என்பது விரல் நீளக் குழாய். மருந்தை வெடிக்க வைப்பது அதுதான்.

"அண்ணா," என்றேன். கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "அந்த மூட்டைய மெல்லக் கீழ வைங்க. வெச்சுட்டு, ஓடாம, இக்கட்டால, எங்கிட்ட வாங்க."

"ஏனுங்க, பாம்புங்களா?"

"ஆமாங்கண்ணா. பாம்பு."

பொண்ணு என்ன பண்ணுது?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்கிறீர்கள் என்றால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். மேச்சேரிப் பக்கம் ஒரு வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கிறவள். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவள்; எங்கள் தொழிலில் 'பிளாஸ்டர்' (blaster) என்பார்கள். அந்தச் சான்றிதழை என் அப்பா பல நாள் பாவு நூல் மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்.

ஒளித்து என்ன பயன்? பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டார்கள். என் சித்தி, நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாது. "வெடி வெக்குதுங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த மாமா காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தார். அப்புறம் அவர்கள் வாசலில் செருப்புத் தேடிய வேகம் இருக்கிறதே, அப்பப்பா.

கடைசியில் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் ஒருவர்தான் மாட்டினார். "நான் தரையில ஓட்டை போடறேன். நீங்க ஓட்டையில மருந்து போடறீங்க. ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லீங்களே" என்றார். இந்த ஒரு பேச்சுக்காகவே கட்டிக்கொண்டேன். மற்ற விஷயங்கள் பிறகுதான் தெரிந்தன. அவற்றை எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.

முறத்திலிருந்து பானைக்கு

சினிமாவில் ஒருவன் பீடியைப் பற்றவைத்து, அதே நெருப்பைத் திரியில் வைத்துவிட்டு ஓடுவான். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தொழிலை எடை போடாதீர்கள். எங்கள் ஆட்களின் தீப்பெட்டியும் பீடியும் சுரங்க வாசலிலேயே வாங்கி வைக்கப்படும். செல்போன்களும் அப்படித்தான். அவற்றுக்கென்று காவலாளி அறையில் ஒரு பெட்டி. வெடித்து முடிந்து, நான் போய்ப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லி, சங்கு ஊதிய பிறகுதான் அந்தப் பெட்டி திறக்கும்.

மருந்து பார்ப்பதற்கு உர மூட்டையில் இருக்கும் குருணை மாதிரிதான் இருக்கும். பாறையில் போட்ட துளைக்குள் அதை ஊற்ற வேண்டும். முறத்திலிருந்து பானைக்குள் அரிசி தள்ளுவது போல மெதுவாக, மூட்டையின் வாயைத் துளைக்கு ஒட்டி வைத்து, காற்றுக்கு முதுகு காட்டி ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மரக்கம்புதான். இரும்பு கிட்டவே வரக்கூடாது. மூட்டை கிழிப்பதற்குக்கூடப் பித்தளைக் கத்திதான்.

பழனிச்சாமி அண்ணன் ஊற்றினால் ஒரு குருணை வெளியே சிந்தாது. வாயும் மூடியிருக்கும். மற்ற நேரத்தில் அந்த வாயை மூட ஆள் கிடையாது.

இதில் துணி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து இரும்புக் கதவைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கடி கடிக்கும் அல்லவா? அதேதான். பாலியஸ்டர் துணி உடம்போடு உரசி, காற்றோடு உரசி, தனக்குள் மின்சாரம் சேர்த்து வைத்துக்கொள்ளும். நேரம் பார்த்துப் பொறியாக விடும். மருந்தாவது கொஞ்சம் பொறுத்துப் போகும். கேப்பு பொறுக்காது. அதனால் எங்கள் ஆட்களுக்குப் பருத்தி உடுப்பு மட்டும்தான்.

செம்புத் தகட்டுக்குக் குங்குமம்

மருந்து வைத்திருக்கும் அறையை நாங்கள் மேகசின் என்போம். அதன் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். தகட்டிலிருந்து ஒரு கம்பி நேரே மண்ணுக்குள் போகும். உள்ளே நுழையும் முன் வெறுங்கையால் அதைத் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும்.

நான் இந்தச் சுரங்கத்துக்கு வந்த புதிதில் எங்கள் ஆட்கள் அந்தத் தகட்டைத் தொடும் பக்தியைப் பார்த்து மலைத்துப் போனேன். தொட்டு, கண்ணில் ஒற்றி, நெஞ்சில் கை வைத்து, பிறகுதான் உள்ளே போவார்கள். அடடா, என்ன ஒழுங்கு என்று நினைத்தேன்.

கிட்டே போய்ப் பார்த்தால் தகடே தெரியவில்லை. மஞ்சளும் குங்குமமும் சந்தனமும் அடை அடையாக அப்பியிருந்தது. போதாததற்கு ஒரு எலுமிச்சம்பழம் வேறு. செம்பு கையில் பட்டால்தானே மின்சாரம் இறங்கும்? இவர்கள் தொட்டதெல்லாம் குங்குமத்தை.

புளி போட்டுத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தார்கள். தகடு தகதகவென்று மின்னியது. மறுவாரம் அதற்கு மேலே சுவரில் ஒரு சாமி படம் முளைத்திருந்தது. பொட்டு எல்லாம் படத்துக்குப் போய்விட்டது. சரி, அதுவரைக்கும் லாபம் என்று விட்டுவிட்டேன்.

காப்புக் கட்டும் காலத்திலும் இப்படி ஒரு சமாதானம் உண்டு. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர்கள் செருப்புப் போட மாட்டார்கள். சுரங்கத்தில் ஷூ இல்லாமல் விடமாட்டோம். எனவே வாசல் வரை வெறுங்கால், உள்ளே ஷூ, வெளியே போனதும் மறுபடி வெறுங்கால். மஞ்சள் வேட்டிக்கும் நாங்கள் தடை சொன்னதில்லை. போன ஆடி வரை அவர்கள் கட்டி வந்தது வெளுத்துப் போன பழைய பருத்தி வேட்டி.

இந்த ஆடிக்கு என்ன கேடு வந்ததென்றால், பழனிச்சாமி அண்ணனும் அவர் ஊரிலிருந்து வரும் மற்ற மூன்று ஆட்களும் சேர்ந்து ஒரே கடையில் ஒரே மாதிரி வேட்டி எடுத்துவிட்டார்கள். போட்டோ எடுத்தால் எடுப்பாக இருக்குமாம்.

"அவ ஒருத்திதானுங்க எனக்கு"

பழனிச்சாமி அண்ணனை வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்தேன். மற்ற மூன்று பேரையும் அப்படியே நிற்கச் சொல்லி, ஒவ்வொருவராக வெறுங்கையால் மண்ணைத் தொட்டுவிட்டு விலகச் சொன்னேன். மருந்து, கேப்பு எல்லாவற்றையும், மருந்து கொண்டுவந்த, வேட்டி கட்டாத வேன்காரர்களை வைத்து மேகசினுக்கே திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு வெடி கிடையாது என்று மேனேஜருக்குச் சொன்னேன். காரணத்தைக் கேட்டதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "நாளைக்காவது உண்டா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு அண்ணனிடம் வந்தேன். எனக்கு நல்ல கோபம்.

"ஏனுங்கண்ணா, இத்தன வருசமா மருந்து ஊத்தறீங்க, இதுகூடவா தெரியாது? இது பாலியஸ்டர். காத்துல ஒரசி ஒரசி கரண்ட்டு ஏறுது. பொறி பறக்கற துணியக் கட்டிக்கிட்டு மருந்து மூட்டையத் தோள்ல தூக்கறீங்களே!"

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"கடைக்காரன் காட்டன்னுதானுங்க சொன்னான்."

"சொல்லுவான். நான் தறிக்காரி. பருத்தி இப்படி மின்னாது."

"அப்ப..." என்று இழுத்தார். "அது ஆத்தா இல்லீங்களா?"

இல்லை என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"என்ற பொண்ணு கௌசல்யா சேலத்துல ஆஸ்பத்திரில படுத்திருக்கறாளுங்க. இப்ப எட்டு மாசம் முடியப் போகுது. ஏழு மாசத்துலயே சேத்துட்டாங்க, எந்திரிக்கவே கூடாதுன்னு. முன்னால ரெண்டு தடவ தங்கல. இதுவும் போச்சுன்னா அவ உசுரோட இருக்க மாட்டாளுங்க. அவ ஒருத்திதானுங்க எனக்கு. இந்தத் தடவ தங்கோணும்னு வேண்டிக்கிட்டுத்தான் காப்புக் கட்டுனேன். பொங்க வெக்கற வரைக்கும் இந்தத் துணிய மாத்தறதில்லைன்னு ஆத்தாகிட்டச் சொல்லியிருக்கறேன். சொன்ன மறுநாளே பொறி பறக்குதுன்னா நான் என்னன்னு நெனைக்கறதுங்க?"

நாக்கு நுனியில் இருந்த சொல்லை விழுங்கிவிட்டேன். மகளுக்காக நடுங்கிக்கொண்டிருக்கும் மனுஷனிடம், அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதலைப் பிடுங்கி, இது வெறும் நாற்காலிக் கடிதான் என்று எப்படிச் சொல்வது? அதே சமயம் அந்த வேட்டியோடு அவரை மருந்துப் பக்கம் விட்டால் நான் மனுஷியே இல்லை.

"வேட்டிய மாத்தித்தாண்ணா ஆகோணும்."

"மாத்த மாட்டனுங்க அம்மணி. எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

"உங்களுக்கு மட்டுமா ஆகும்?" என்று கத்தியே விட்டேன். "நானும் போவேன், இந்த மூணு பேரும் போவாங்க. படுத்துக் கெடக்கற புள்ளைகிட்ட யாரு போய் உங்கப்பன் போயிட்டான்னு சொல்றது?"

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தப் பாழாய்ப் போன துண்டு அப்போதும் சடசடத்தது.

பஞ்சர் கடைப் பூசாரி

அவர்கள் ஊர்க் கோயில் பூசாரிக்குப் பகல் முழுக்கப் பஞ்சர் ஒட்டும் வேலை. மேட்டூர் ரோட்டில் கடை. நான் ஸ்கூட்டியிலும் அண்ணன் தன் டிவிஎஸ்ஸிலுமாகப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததை அப்படியே சொன்னேன். "அண்ணன் வேட்டியில ஆத்தா எறங்கியிருக்கறான்னு சொல்றாருங்க. பொறி வருதுங்க. அந்தப் பொறியோட அவரு வெடிமருந்துகிட்டப் போகக் கூடாது. துணிய மாத்துனா வேண்டுதல் கெட்டுப் போயிருமான்னு பயப்படறாரு. நீங்கதான் சொல்லோணும்."

பூசாரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வேட்டி ஓரத்தைப் பிடித்து லேசாகத் தேய்த்தார். சடசட. அவர் முன்கை மயிர் எழுந்து நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அண்ணனை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"பழனிச்சாமி, ஆத்தா எறங்குன துணிய இடுப்புல கட்டிக்கிட்டு நீ கக்கூசுக்குப் போவியா?"

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "போயிட்டு வந்துட்டனுங்களே" என்றார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டயர் அடுக்குப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாத்தியா? அவ எறங்குனான்னா அப்பறம் அது உன்ற வேட்டி இல்லப்பா. அது அவளுது. அதக் கட்டிக்கிட்டு மண்ணுல உக்காருவியா, மூட்டை தூக்குவியா? சாயங்காலம் கொண்டாந்து அவ காலடியில வெய்யி. நீ வேற மஞ்சத் துணி கட்டு."

"வேண்டுதலுங்க?"

"நீ வேண்டுனது மஞ்சத் துணிக்கா, பளபளப்புக்கா? நல்ல பருத்தித் துணியா வாங்கி, கெழங்கு மஞ்சளரைச்சு நனைச்சுக் கட்டு. அதுக்கு மறுபடி நானே காப்பு மாத்திக் கட்டறேன். கொறை ஏதாச்சும் வந்தா என்னையச் சேரட்டும்."

அண்ணன் அங்கேயே, டயர்களுக்கு நடுவில், அவர் காலில் விழுந்தார். எழுந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

கிளம்பும்போது நான் பூசாரியிடம் மெதுவாகச் சொன்னேன். "அந்தத் துணிய வெளக்குக்குப் பக்கத்துல வெச்சுராதீங்க. பக்குனு புடிச்சுக்கும்."

"பெட்ரோல் டின்னப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தொழில் பண்றவன் அம்மணி நான்" என்றார் அவர். மறுபடி டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

பஸ்ஸில் வந்த பொட்டலம்

ராசிபுரத்தில் என் தம்பி விசைத்தறி போட்டிருக்கிறான். நாலு சுத்தப் பருத்தி வேட்டி, நாலு துண்டு, கோடி வெள்ளை, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று போன் செய்தேன்.

"எதுக்குக்கா காட்டன்? இப்ப யாரு கட்டறா? நானே கலப்பு நூலுதான் ஓட்டறேன். வேணும்னா ஒண்ணு சொல்றேன், ஆடிக்குன்னு மஞ்சள்ல பளபளன்னு ஒரு வேட்டி போட்டோம், சேலம் பூராவும் என்னமா ஓடுச்சு தெரியுமா! மேச்சேரி, ஓமலூர் கடைக்கெல்லாம் நம்ம சரக்குதான். அதுல நாலு அனுப்பட்டுமா?"

ஆத்தா எந்தத் தறியிலிருந்து இறங்கி வந்தாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அவனைத் திட்டிய திட்டு இங்கே அச்சில் ஏறாது. பாவம், எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. இந்த விவரத்தை இன்றுவரை பழனிச்சாமி அண்ணனிடம் நான் சொல்லவில்லை. இதைப் படிக்கும் யாராவது போய் வத்தி வைத்துவிடாதீர்கள்.

என் திட்டுக்குப் பயந்து தம்பி பக்கத்துத் தெருத் தறிகளில் அலைந்து துணி பிடித்தான். ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்தானாம். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியாக இறுகும். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கும் முன்பே இதைக் கற்றுக்கொள்வோம். பொட்டலத்தைச் சேலம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினான். நான் போய் வாங்கி வந்தேன்.

அண்ணன் வீட்டில் அவர் மனைவி மஞ்சள் அரைத்து அண்டாவில் கரைத்து வைத்திருந்தார். துணியை முக்கிப் பிழிந்தபோது அவர் கை முழங்கை வரை மஞ்சள். ஆடிக்காற்று இருக்கிறதே, கொடியில் போட்ட வேட்டியைக் காபி குடித்து முடிப்பதற்குள் காய வைத்துவிட்டது. மற்ற மூன்று பேரும் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டார்கள். போட்டோவுக்கு எடுப்பாக இருக்காது என்று ஒருவருக்கு மட்டும் வருத்தம்.

போன் பெட்டி

மறுநாள் காலை அண்ணன் கொஞ்சம் சுணங்கித்தான் வந்தார்.

"இதுல பொறியே வரலீங்க அம்மணி."

"எப்படீங்கண்ணா வரும்? அவதான் கோயில்ல இருக்கறாளே."

தலையை ஆட்டினார். செம்புத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று அவர் ஊற்றிய அழகை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஷூவுக்கு மேலே மஞ்சள் வேட்டியைத் தூக்கிக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி அதன்மேல் ஹெல்மெட். ஒவ்வொரு துளைக்கும் முன்னால் மரக்கம்பை விட்டு ஆழம் பார்த்தார். தண்ணீர் இருக்கிறதா என்று கம்பின் நுனியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூட்டை வாயைச் சுருக்கிப் பிடித்து, சரசரவென்று ஒரே சீராக. காற்று அவர் முதுகில் மோதிக்கொண்டிருந்தது. வேட்டி பறந்ததே தவிர ஒட்டவும் இல்லை, சடசடக்கவும் இல்லை.

வேலை முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பி, சிவப்புக் கொடி ஏற்றி, சங்கு ஊதச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துத்தானா ஒரு ஆட்டு மந்தை வர வேண்டும்! மேச்சேரி ஆடுகளுக்குச் சங்குச் சத்தம் என்றால் ஏதோ தீவனம் போடக் கூப்பிடுவதாக நினைப்பு போல. ஆட்டுக்காரரோ, "என்ற ஆடு எங்க போவோணும்னு நீங்க என்ன சொல்றது?" என்று சண்டைக்கு நின்றார். அவரையும் ஆட்டையும் கரட்டு மேட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

பிறகு வெடித்தோம். தரை ஒரு குலுக்குக் குலுக்கியது. பாறை எழும்பி, பொத்தென்று, சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. வெள்ளைத் தூசி காற்றில் கிழக்கே போனது.

தூசி அடங்கும்வரை காத்திருந்து, நான் மட்டும் போய் எல்லாத் துளைகளும் வெடித்தனவா என்று பார்த்தேன். ஒன்றும் மிச்சமில்லை. சங்கு ஊதச் சொன்னேன். போன் பெட்டி திறந்தது.

பழனிச்சாமி அண்ணன் தன் போனை எடுத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரை முழுக்க மருமகனின் அழைப்புகள். நாங்கள் மருந்தோடு இருந்த நேரம் முழுவதும் போன் பெட்டிக்குள் கிடந்து அடித்திருக்கிறது. போனை என்னிடம் நீட்டினார். நான் போட்டு, ஸ்பீக்கரில் விட்டேன்.

"எங்கீங்க மாமா போயிட்டீங்க?" மருமகன் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "திடீர்னு வலி வந்துருச்சுங்க. நாள் இன்னும் இருக்குது, ஆனா டாக்டரு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். துணியை மாற்றினேனே என்று அந்தக் கண் கேட்டது. வாயைத் திறந்து கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"போங்கண்ணா, மொதல்ல போங்க" என்றேன். ஒருவர் பைக்கை எடுத்தார். அண்ணன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு போனார்.

எனக்கு அப்புறம் வேலை ஓடவில்லை. நான் ரொம்பச் சாமி கும்பிடுகிறவள் அல்ல. கோயிலுக்குப் போனால் கூட்டத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறவள். அன்று மேகசினைப் பூட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, சுவரிலிருந்த அந்தப் படத்தின் முன் நின்றேன். "ஆத்தா, துணிய மாத்தச் சொன்னது நானு. கோவம் இருந்தா எம்மேல வெச்சுக்கோ" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அன்று மாலை நான் போட்ட போன்களை அவர் எடுக்கவில்லை.

துண்டு

மறுநாள் நான் வாசலுக்கு வந்தபோது அவர் காவலாளி அறை ஓரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து, தூங்காத முகம். அந்த முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இடுப்பில் மஞ்சள் வேட்டி இருந்தது. துண்டைக் காணோம்.

கேட்க வேண்டியதைக் கேட்கப் பயந்துகொண்டு, "துண்டு எங்கண்ணா?" என்றேன்.

"நர்சம்மா வெளிய வந்து, கொழந்தைய வாங்கத் துணி குடுங்கன்னாங்க. மாப்ள புதுசா ஒரு போர்வை வாங்கி வெச்சிருந்தாருங்க, புசுபுசுன்னு, பொம்மை போட்டு. நர்சம்மா தொட்டுப் பாத்தாங்க. இந்தப் பாலியஸ்டரெல்லாம் ஆகாது, மாசத்துக்கு முன்னப் பொறந்த புள்ள, நல்ல பருத்தித் துணியாக் குடுங்கன்னுட்டாங்க. எல்லாரும் முழிக்கறாங்க. நான் தூசி போக அங்கயே அலசிக் காய வெச்சு, கழுத்துல போட்டிருந்ததக் குடுத்துட்டனுங்க."

"அண்ணா!" என்று கத்தினேன். "பொறந்துருச்சா? நல்லா இருக்குதா?"

"பேத்திங்க. பெட்டியில வெச்சிருக்கறாங்க, ரெண்டு மூணு நாள்ல வெளிய குடுத்துருவாங்களாம். தாயும் நல்லா இருக்கறா. இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்ன கத்து கத்தறா!"

காவலாளி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். அன்றைக்கு அவரை மருந்துப் பக்கம் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். தூங்காத கண், பேத்தி நினைப்பு, இரண்டும் மருந்துக்கு ஆகாது.

அப்புறம்தான் எனக்கு அது உறைத்தது. ஊரில் இன்னும் பொங்கல் வைக்கவில்லை. காப்பு அவர் கையிலேயே இருந்தது.

"ஏனுங்கண்ணா, பொங்க வெக்கற வரைக்கும் துணிய மாத்தறதில்லைன்னு சொல்லியிருந்தீங்களே. துண்டக் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதுகூடத் தெரியாமல் இருக்கிறாளே என்பது போல.

"யாருக்காகக் கட்டுனனோ, அவளே வந்து கேக்கறா. எப்படீங்க அம்மணி இல்லைங்கறது?"